அசாபியின் பெயரைத் தட்டிப் பார்த்தவர்கள்

நைஜீரியாவின் ஒக்போமோஷோ ஊரில் பெண் எடுப்பதென்றால் முதலில் விசாரணை. அந்த வம்சத்தில் பைத்தியம் உண்டா, குஷ்டம் உண்டா, திருட்டுக்கை உண்டா என்று மாப்பிள்ளை வீட்டார் தெருத்தெருவாகக் கேட்டுவிட்டுத்தான் யாம் கிழங்கும் கோலாக் கொட்டையும் சீராகச் சுமந்து வருவார்கள். அது பழைய காலம். இப்போது ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரைக் கேட்கிறார்கள். ஊர் வாயாவது சில சமயம் இரக்கப்பட்டுப் பொய் சொல்லும். அந்தப் பெட்டிக்கு அதுகூடத் தெரியாது.

அசாபி சந்தைக்குப் பின்னால் தலை பின்னும் கடை வைத்திருந்தாள். வயது நாற்பதை நெருங்குகிறது. வெகு நாளைக்கு முன் பெற்ற குழந்தை பெயர் வைக்கும் முன்பே இறந்துபோக, அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். மனநோய் வார்டில் கிடந்து, மாத்திரை தின்று, மெல்ல எழுந்து வந்தாள். புருஷன் அதற்குள் வேறு வீடு பார்த்துக்கொண்டான். அவள் அழவில்லை. அழுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

இப்போது அயன்வாலே அவளைப் பெண் கேட்டிருந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், மனைவியை இழந்தவர். வார்டு விஷயத்தை அவரிடம் மறைக்க அசாபி நினைக்கவே இல்லை. தன் வாயால், தனக்குத் தோதான நாளில் சொல்ல வேண்டும் என்றிருந்தாள். அதற்கான வார்த்தைகளைக்கூடத் தேடி வைத்திருந்தாள்.

ஒரு நாள் அவருடைய அக்கா கடைக்கு வந்து, கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து கேட்டாள்: "ஏம்மா, அந்த வார்டுல சாப்பாடெல்லாம் எப்படி?"

பாதி பின்னிய தலையோடு இருந்த பெண் தன் முடியை அசாபியின் கையிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டாள். "மீதிய நாளைக்குப் பாத்துக்கலாம் அக்கா" என்று எழுந்து போய்விட்டாள்.

அசாபி ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். பதிவுப் பிரிவு அதிகாரியிடம், "என்னைக் கேக்காம என் பேரைத் தொறந்தது யாரு?" என்றாள். அவர் கம்ப்யூட்டரில் தேடினார். யார் திறந்தாலும் அதில் தடம் இருக்குமாம். சிலிஃபாத் என்ற குமாஸ்தா.

"சட்டம் உங்க பக்கம்தாம்மா. எழுதிக் குடுத்தீங்கன்னா அவளுக்கு வேலை போயிடும். பாக்கச் சொன்னவங்களையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க. யோசிச்சுக்கோங்க" என்றார்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் அம்மா பதறினாள். "எழுதாதே!"

"ஏம்மா?"

"அயன்வாலே வீட்டைப் பத்தி நானும் சிலிஃபாத்தைத்தான் கேட்டேன். விசாரிக்காம பொண்ணு குடுக்க நான் என்ன மாற்றாந்தாயா? அவன் பொண்டாட்டி ஊர்ல சொல்ற மாதிரி காய்ச்சல்ல சாகல, கருவைக் கலைக்கப் போயி ரத்தம் நிக்காமச் செத்தா. அவன் வம்சத்துல ஒரு நோயும் இல்ல. அதான் சரின்னேன்."

காதைப் பொத்துவதற்குள் எல்லாம் விழுந்துவிட்டது. தனக்கு நடந்ததற்காகக் கொதித்தவளுக்கு, அந்த நிமிஷம் கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது. பெற்ற தாயை என்னவென்று திட்டுவது?

சாயங்காலம் அயன்வாலே வந்தார். "அக்கா வாய் அப்படித்தான், விடு. நீ வார்டுல இருந்தா என்ன இப்போ? எனக்கு அது ஒண்ணுமே இல்ல. கல்யாணம் நடக்கும்."

நல்ல மனிதர்தான். தலையாட்டியிருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும். அசாபியால் முடியவில்லை.

"உங்க வீட்டுக்காரி எப்படிப் போனாங்கன்னு எங்க அம்மாவுக்குத் தெரியும். சிலிஃபாத் பாத்துச் சொல்லியிருக்கா."

அவர் எழுந்துவிட்டார். "அதைப் பாக்க உங்களுக்கு யாரு உரிமை குடுத்தது? செத்தவ விஷயம் அது! என் பிள்ளைங்களுக்கே தெரியாது!"

"என் விஷயம் ஒண்ணுமே இல்லன்னீங்க."

அவர் மறுபடி உட்கார்ந்தார்.

"நான் புகார் எழுதப் போறேன். ரெண்டு பேருக்கும் நடந்ததைச் சேத்தே எழுதலாம். கையெழுத்துப் போடுறீங்களா?"

"அக்கா மாட்டிக்குவாளே."

"எங்க அம்மாவும்தான்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார்.

அசாபி அன்றே எழுதினாள். தன் பெயரை எழுதினாள், தன் வார்டை எழுதினாள், சிலிஃபாத்தை எழுதினாள். தன் தாயும் அவளிடம் இன்னொருவர் விவரத்தைக் கேட்டு வாங்கினாள் என்றும் எழுதினாள். அது யாருடையது என்று எழுதவில்லை. அயன்வாலே சம்மதம் சொல்லவில்லையே.