பதினோராவது முடிவு

நான்தான் புகார் கொடுத்தேன். ஒன்றல்ல, ஆறு. ஆறு பெயர்களில், ஆறு மின்னஞ்சல் முகவரிகளிலிருந்து. என் மனைவி எழுதிய விளையாட்டு இணையத்திலிருந்து நீக்கப்பட்டது என்னால்தான்...

வேறு யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் அளவை வேலை பார்த்தவன். எதையும் எண்ணாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. பத்திரிகைகளுக்குப் பதினேழு சிறுகதைகள் அனுப்பினேன். பதினேழும் திரும்பி வந்தன. அப்படிப்பட்டவன் வீட்டில், கடிதத்துக்கு மேல் எதுவும் எழுதியிராத கோமதி, அறுபத்தாறு வயதில் கதை எழுதத் தொடங்கினாள்!

பெரம்பலூரில் இருக்கும் அவள் தங்கை மகள் சுதா, படக்கதை விளையாட்டுகள் செய்பவள். திரையில் படம் நிற்கும். கீழே பேச்சு ஓடும். ஆங்காங்கே 'என்ன செய்வாய்?' என்று கேட்கும். நாம் தொடுகிற பதிலைப் பொறுத்துக் கதை வேறு வழியில் போகும்.

"இதுல எல்லாமே பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க காதல்தான் பெரியம்மா. அறுவது வயசுக்காரிய யாருமே கதாநாயகியா வக்கிறதில்ல. நீங்க எழுதுங்களேன்" என்றாள் சுதா.

எழுதிவிட்டாள். பாடாலூரில் நெடுஞ்சாலையோரம் டீக்கடை நடத்தும் சரோஜா, கணவனை இழந்தவள். அங்கே வண்டியை நிறுத்தும் லாரி டிரைவர் ஒருவர். நாற்பத்துமூன்று கேள்விகள், பதினொரு முடிவுகள்.

எல்லா வழிகளிலும் போய்ப் பிழை பார்க்கும் வேலையை என்னிடமே கொடுத்தாள். "எண்ணிப் பாக்க உங்கள வுட்டா வேற யாரு இருக்கா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு வழியையும் கிளை கிளையாக வரைந்தேன். பிழையையா தேடினேன்? என்னைத் தேடினேன்! எங்கேயும் இல்லை. பதினோராவது முடிவில் சரோஜாவும் டிரைவரும் கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஒரு தொடுதல்கூடக் கிடையாது. அவர் டம்ளர் கழுவியபடி, "இன்னக்கி என்ன நெனச்சுக்கிட்டிருந்த?" என்று கேட்கிறார். அவள் சொல்கிறாள். சொல்லிக்கொண்டே போகிறாள்... பன்னிரண்டு திரைகள்!

நாற்பத்துநான்கு வருடத்தில் நான் அவளை அப்படிக் கேட்டது எத்தனை முறை? எண்ணுவதற்கு ஒன்றுமில்லை.

படத்தில் வரைந்த ஒரு மனிதன்மேல் பொறாமைப்பட்டேன். இன்னும் கேவலம், அந்தப் பன்னிரண்டு திரைகள் என் பதினேழு கதைகளைவிட நன்றாக இருந்தன. கணவனாக எரிந்தேனா, எழுத வராதவனாக எரிந்தேனா? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

விளையாட்டு வெளியான ஒன்பதாம் நாள், அதை வெளியிட்ட தளத்தின் புகார்ப் பக்கத்தைத் திறந்தேன். காரணங்களின் பட்டியலில் 'ஆபாசம்' என்பதைத் தொட்டேன். ஆறு முறை.

"பாவாட பறக்குற வெளையாட்டெல்லாம் அப்படியே இருக்கு பெரியப்பா! வயசானவங்க ரெண்டு பேரு ஒண்ணா இருந்தா அது ஆபாசமாம்!" போனில் சுதா அழுதாள்.

"ஆமாம்மா" என்றேன்.

ஆறு பேர் புகார் செய்திருக்கிறார்கள், பதினோராவது முடிவை எடுத்தால் மறுபடி வெளியிடுவோம் என்று தளத்திலிருந்து பதில் வந்தது. சண்டை போடலாம் என்றாள் சுதா. கோமதி கேட்கவில்லை. "ஆறு பேரு மனசு நோவ எழுதிப்புட்டேனேடி..." அவளே உட்கார்ந்து பன்னிரண்டு திரைகளையும் ஒவ்வொன்றாக அழித்தாள். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்... ஒரே ஒரு வார்த்தை!

இப்போது இரண்டாவது விளையாட்டை எழுதுகிறாள். ஒவ்வொரு கேள்வியிலும் நிறுத்தி என்னைப் பார்க்கிறாள்.

"ஏங்க, அந்த ஆறு பேரும் இத ஒத்துக்குவாங்களா?"

அவர்களுக்கு முகம்கூடக் கொடுத்துவிட்டாள். ஒருவர் ரிட்டயர்டு வாத்தியாராம். இன்னொருத்தி பேரப்பிள்ளைகளை வளர்ப்பவளாம். "நல்லவங்களாத்தான் இருப்பாங்க, பாவம்" என்கிறாள். அவர்களுக்குப் பிடிக்காது என்று தோன்றும் வழிகளை அடைத்துக்கொண்டே வருகிறாள். நேற்றுவரை இருபத்தாறு.

சொல்லிவிட்டால் அந்த ஆறு பேரும் இல்லாமல் போவார்கள். கோமதி இருப்பாளா?

இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நாள் முழுக்க அவள் அவர்களையே நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஆறு பேர்மேலும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது!

இன்று காலையிலும் ஒரு திரையைக் காட்டிக் கேட்டாள். நன்றாக இருந்தது. மிக நன்றாக இருந்தது...

"ஒத்துக்க மாட்டாங்க" என்றேன்.

அழித்துவிட்டாள்.