அடியில் தேய்ந்துபோன இலக்கம்

ஆவி, பேய் என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், பரவாயில்லை.

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு கடையில் வைஃபை ரவுட்டர் திருத்துகிறேன். பெட்டியில் உள்ள பெயரை நம்பி இந்த வேலை செய்ய முடியாது. ஒரே பெயரில் இரண்டு மூன்று வேர்சன் வரும், அடியில் ஒட்டியிருக்கிற மாடல் இலக்கம்தான் எது எதுவென்று சொல்லும், மாறி சொப்ட்வெயார் ஏற்றினால் சாமான் செத்துவிடும். எந்த இலக்கம் எந்த வேர்சன் என்று எல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவன் என்னோடு வேலை செய்த கிண்ணியா ரிஸ்வான். ஒருநாள் நான் இலக்கம் பாராமல் ஏற்றி, ஒரு விடுதியின் ரவுட்டர்கள் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன். முதலாளி கேட்டபோது, "ரிஸ்வான்தான் ஏத்தினவன்" என்றேன். அவன் என்னையே பார்த்தான், அன்றே வேலையை விட்டு இறங்கிப் போனான். சில மாதத்தில் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டான். ஜனாஸா அடக்கத்துக்கு நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

பிறகொரு மத்தியானம், முதலாளி சாப்பிடப் போயிருந்தார், தம்பலகாமத்திலிருந்து ஒரு அம்மா ரவுட்டர் கொண்டுவந்தார். அடியில் இலக்கம் தேய்ந்திருந்தது. தெரிந்த பெயர்தானே என்று, அவ்வளவு பட்டும் புத்தி வராமல், இரண்டாம் வேர்சனுக்குரியதை ஏற்றப் போனேன்.

"அண்ணன், அது ரெண்டு இல்ல, மூண்டு. கழட்டிப் பாருங்க."

ரிஸ்வானுடைய குரல். நம்பினால் நம்புங்கள், எனக்குப் பின்னால் வெறும் சுவர்தான் இருந்தது. மூடியைக் கழற்றினேன். உள்ளே மூன்று என்றே அச்சடித்திருந்தது.

பிரமை என்று விட்டிருப்பேன். ஆனால் அந்த அம்மா, "உள்ளுக்கு நிக்கிற தம்பி கெட்டிக்காரன், என்ன?" என்றார்.

"உங்களுக்கும் கேட்டதோ அம்மா?"

"ஓம், ரெண்டு தரமும் கேட்டது."

எனக்குக் கேட்டது ஒரு தரம்தான். மற்றது என்னவென்று விசாரிக்க எனக்குத் துணிவு வரவில்லை. சரியானதை ஏற்றிக் கொடுத்தேன். படியில் இறங்கியவர் திரும்பிப் பார்த்தார்.

"பாவம், அந்தத் தம்பி கேட்டதுக்கு ஒரு பதில் சொல்லுங்கோ."

அவர் பிறகு வரவே இல்லை. அவன் என்ன கேட்டான் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.