மணியடிக்கச் சொன்னவள்

சண்முகத்தாயிடம் நாளைக்கு மழை வருமா என்று கேட்டுப் பாருங்கள், தெரியாது என்பாள். "இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் நமக்குத் தெரியும் அண்ணாச்சி. அதுக்கு மேல சாமிகிட்டக் கேளுங்க" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிடுவாள். டி.வி.யில் கோட்டு போட்டுக்கொண்டு ஐந்து நாளைக்குச் சேர்த்துச் சொல்கிறவர்களைவிட எனக்கு இவள் பேச்சில்தான் நம்பிக்கை.

நான் நாகையா. ஏழாயிரம்பண்ணைக்கு மேற்கே கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். சண்முகத்தாய்க்கு அங்கே காயப்போடும் மேடையில் வேலை. வயது நாற்பத்தெட்டு. புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், பொங்கலுக்குப் பொங்கல் வருவார். சில பொங்கலுக்கு வரவும் மாட்டார். பிள்ளை குட்டி இல்லை.

மருந்து செலுத்திய சக்கரத்தையும் பூச்சட்டியையும் காலையில் மேடையில் பரப்பி, சாயங்காலம் அள்ளி உள்ளே வைக்க வேண்டும். ஈரம் பட்ட மருந்து வீணாவதோடு நிற்காது, தானே சூடேறித் தீப்பிடிக்கவும் செய்யும். இடி மின்னல் என்றால் கேட்கவே வேண்டாம். மணியடித்து, அறைகளைப் பூட்டி, ஆட்களை வெளியே அனுப்பிவிட வேண்டும். செல்போனில் பார்க்கலாமே என்பீர்கள். செல்போன் எங்களுக்கு வாசல் கேட்டோடு சரி, உள்ளே கொண்டுபோக முடியாது. அதுவும் எங்கள் பக்கத்து மழை, இந்தக் காட்டில் பெய்துவிட்டு அடுத்த காட்டை எட்டிப் பார்க்காமல் போகிற மழை.

அதனால் சண்முகத்தாய்க்கென்று சில கணக்குகள் உண்டு. பட்டாசுக் குழாய் சுற்றுகிற காகிதத்தில் ஒரு துண்டைக் கிழித்து மேடைத் தூணில் தொங்கவிட்டிருப்பாள். மணிக்கொரு தரம் அதன் முனையை மடக்கிப் பார்ப்பாள். மொடமொடவென்று மடங்கினால் பயமில்லை. துணி மாதிரிச் சத்தமில்லாமல் மடங்கினால் காற்றில் ஈரம் ஏறிவிட்டது. அப்புறம் மேற்கே மலையைப் பார்ப்பாள். மங்கலாகத் தெரிந்தால் நல்லது. மடிப்பு மடிப்பாக, கை நீட்டினால் தொடலாம் போலத் தெரிந்தால் ஆகாது. மூன்றாவது, கிழக்கே இருக்கிற மாவு மில். ஆனியிலிருந்து புரட்டாசி வரை இங்கே மேற்கேயிருந்து மேல்காற்றுதான் வீசும், மில் சத்தம் எங்களுக்குக் கேட்காது. மத்தியானம் திடீரென்று கேட்டால் காற்று திரும்பிவிட்டது. இரண்டு காற்றும் முட்டிக்கொள்கிற இடத்தில் மேகம் கட்டும்.

இந்த மூன்றும் சேர்ந்தால்தான் என்னிடம் வருவாள். கடைசியாக மின்னல். மின்னியதும் நிதானமாக ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். முப்பதுக்குள் இடி கேட்டால், "அடிங்க அண்ணாச்சி." கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் போகாமல் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. பதினோரு வருடமாக இதுதான் நடைமுறை.

இதில் அவளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், சொல்லவே சங்கடமாக இருக்கிறது. சீசனில் எல்லோருக்கும் பீஸ் கூலி, செய்து முடித்த உருப்படிக்குத்தான் காசு. மணி அடித்தால் பாதி நாள் போச்சு. எங்கள் ஊர்களில் ஒரே வீட்டில் புருஷன் மக்காச்சோளத்துக்கு மழை கேட்பான், பொண்டாட்டி கம்பெனிக்கு வெயில் கேட்பாள். நடுவில் சண்முகத்தாய் அண்ணாந்து பார்த்தால், "இந்தா, கூப்பிடுதா பாரு" என்பார்கள். என்னவோ இவள்தான் மேகத்தை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்து வருகிற மாதிரி. மத்தியானம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து குழம்பு மாற்றிக்கொள்வார்கள். இவள் தூக்குவாளி மட்டும் வேப்ப மரத்தடியில் தனியாக இருக்கும். கம்பெனி வேனிலும் இவள் பக்கத்து இடம் காலியாகவே வரும்.

அந்த இடத்தில் முன்பெல்லாம் முத்துமாரியம்மாள் உட்காருவாள். இருவரும் ஒரே தெரு, மதினி மதினி என்று உயிரை விடுவார்கள். போன சீசனில் ஒரு நாள் மணியடித்து, பொட்டு மழை பெய்யவில்லை. முத்துமாரிக்கு அன்றைக்கு ஏதோ கஷ்டம். வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு வேனில் இடம் மாறி உட்கார்ந்தவள்தான், பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த வருடம் புரட்டாசியில், முத்துமாரியின் மகள் ஐஸ்வர்யாவுக்குச் சாத்தூரில் வளைகாப்பு வைத்திருந்தார்கள். அதற்கு முதல் நாள் காலையில் முத்துமாரி என்னிடம் லீவு கேட்டு வந்தாள். ஆர்டர் கழுத்தை நெரிக்கிற நேரம். "உன் லோடை இன்னைக்கே முடிச்சிட்டு நாளைக்குப் போ" என்றேன். அவள் நேராக மேடைக்குப் போனாள். நானும் பின்னால்தான் போய்க்கொண்டிருந்தேன்.

"மதினி" என்றாள். சண்முகத்தாய் கையிலிருந்த தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"எம்புட்டு நாளாச்சு நீ அப்படிக் கூப்பிட்டு!"

"நாளைக்கு நம்ம ஐசுவுக்கு வளைகாப்பு. நீயும் வரணும், சேந்தே போவோம். இன்னைக்கு மட்டும் மணி கிணின்னு சொல்லிராத மதினி. லோடு முடியாட்டி இந்த மனுசன் லீவு தரமாட்டாக."

இந்த மனுசன் நான்தான். சண்முகத்தாய் சிரித்தாள். அவளுக்கு முன்வரிசைப் பல் ஒன்று இல்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். போர்மேன் என்று பெயர்தான்.

பன்னிரண்டு மணிக்குக் காகிதம் சத்தமில்லாமல் மடங்கியது. ஒரு மணிக்கு மலை பக்கத்தில் வந்து நின்றது. இரண்டு மணிக்கு நான் மருந்து அறை வாசலில் நிற்கும்போதே மாவு மில் டுக்குடுக்கு என்று கேட்டது. சண்முகத்தாய் வரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெற்கே மின்னியது. அவள் உதடு அசைவது தெரிந்தது. நானும் எண்ணினேன். இருபத்தெட்டில் இடி.

அவள் என்னைப் பார்க்கவில்லை. எட்டாம் அறையில் முத்துமாரி கண்ணும் கருத்துமாகக் குனிந்திருந்தாள். இன்னொரு மின்னல். இருபத்தொன்று. எனக்குத் தெரியும், அடிக்க வேண்டும். சர்டிபிகேட் வாங்கியவன் நான், மணியின் கயிறு இருப்பது என் கைக்கெட்டும் தூரத்தில். ஆனாலும் அவள் வந்து சொல்லட்டும் என்று நின்றேன். அவள் சொன்னால் ஏச்சு அவளோடு போய்விடும் இல்லையா?

பிறகு அவள் வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடிங்க அண்ணாச்சி" என்றாள்.

அடித்தேன். பெண்கள் முணுமுணுத்துக்கொண்டு வெளியேறினார்கள். வழக்கம் போல என் வாய் சும்மா இருக்கவில்லை: "நான் என்ன தாயி செய்ய, சம்முகத்தாயி சொல்லிட்டாளே!" முத்துமாரி அவளைத் தாண்டிப் போகும்போது நிற்கக்கூட இல்லை.

இன்னும் இரண்டு இடி. தார்ப்பாயில் நாலு தூற்றல். நாலு மணிக்குச் சுள்ளென்று வெயில். ஒன்றுமே நடக்கவில்லை. நடக்காமல் இருந்ததற்காகத்தான் அடித்தோம் என்று யாரிடம் போய்ச் சொல்ல?

எல்லோரும் வேனுக்குப் போன பிறகு சண்முகத்தாய் தன் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். கண்ணாடி வளையல். பச்சையும் சிவப்பும், ரெண்டு டஜன். வளைகாப்பு என்று கேள்விப்பட்ட அன்றைக்கே, யாரும் கூப்பிடும் முன்பே, வாங்கி வைத்திருக்கிறாள்.

"முத்துமாரிகிட்டக் குடுத்துருங்க. நான் குடுத்தேன்னு சொல்ல வேண்டாம்."

"நீயே குடேன் தாயி."

"வாங்கமாட்டா. அண்ணாச்சி, இந்தப் பதினோரு வருசத்துல ஒரு வாட்டியாச்சும், நாந்தான் அடிச்சேன்னு நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். சாதாரணமாகக் கேட்டுவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள். முத்துமாரி மறுநாள் லோடை முடித்துவிட்டு மத்தியானம் தனியாகத்தான் சாத்தூர் போனாள். லீவு கொடுத்திருக்கலாம், என் கையில்தான் இருந்தது. வளையலை மட்டும் கொடுத்தேன், யார் வாங்கியது என்றும் சொன்னேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

ஒன்பது நாள் கழித்து மறுபடியும் மேகம் திரண்டது. அவள் தூணை விட்டு நகரும் முன்பே நான் மணியை அடித்துவிட்டேன். "நாந்தான் அடிச்சேன். அவ ஒண்ணும் சொல்லல" என்று எல்லோர் காதிலும் விழும்படி கத்தினேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எப்போதும் யாராவது எனக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து தருவார்கள். அன்றைக்கு யாரும் வரவில்லை. நானே போய் ஊற்றி, வேப்ப மரத்தடியில் தனியாக நின்று குடித்தேன். எனக்குப் போனது ஒரே ஒரு டீ. அவள் இங்கே தனியாகச் சாப்பிட்டது எத்தனை மத்தியானம் என்று எண்ணிப் பார்த்தேன்.