மின்னாத டார்ச் கேட்டாள்

கொல்கத்தாவின் கிடர்பூரில் ஒரு டார்ச் லைட் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் படுக்க இடம் இல்லை. கடைக்குள் பலகை அடித்த பரண் ஒன்று இருந்தது. அதில் கூரை முட்டும்வரை அட்டைப்பெட்டிகள். எல்லாப் பெட்டியிலும் ஒரே ரக டார்ச். முதலாளி ஏதோ நினைப்பில் மொத்தமாக இறக்கிவிட்டார், விற்கவில்லை. "அதைத் தீர்த்துவிடு, பரண் உனக்கு" என்றார். அதுவரைக்கும் ஷட்டருக்கு வெளியே, படியில் சாக்கு விரித்துப் படுத்தேன். டிசம்பர் மாதம். ஆற்றிலிருந்து ஏறும் பனி சாக்கை நனைத்துவிடும். ஒரு பெட்டி போனால் கால் நீட்ட அவ்வளவு இடம் என்று எண்ணிக்கொண்டே விற்றேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நாமக்கல் லாரியில் கிளீனராக ஆறு வருடம் ஓடினேன். அப்படித்தான் கொல்கத்தாவுக்கும் வந்தேன். டிரைவரோடு சண்டை போட்டு இறங்கியவன், இங்கேயே தங்கிவிட்டேன். எந்த ஊரிலும் இரண்டு வருடத்துக்கு மேல் நான் இருந்ததில்லை.

அந்தப் பரண் டார்ச் ஏன் விற்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை அழுத்தினால் நல்ல வெளிச்சம். எதிர்ச் சுவரே வெந்துவிடும் போல இருக்கும். இன்னொரு முறை அழுத்தினால் பட்பட்டென்று மின்னும். மூன்றாவதற்கு மங்கும். நான்காவதற்குத்தான் அணையும். வாங்கிப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். அதனால் வாடிக்கையாளருக்குக் காட்டும்போது ஒரே ஒரு அழுத்து அழுத்திவிட்டு, அணைக்கும் வேலையை டார்ச்சை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் செய்வேன். அது எனக்கு நன்றாகவே பழகிப் போயிருந்தது.

ஒருநாள் சாயங்காலம் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஒருவர் ஐம்பத்தைந்து வயது தாண்டிய வங்காளிக் கான்ஸ்டபிள். மற்றவள் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பெண். அவரை அவள் 'காக்கு' என்று கூப்பிட்டாள்; நம் ஊரில் சித்தப்பா என்பது போல. நான் முதலாளியிடம் ஏதோ தப்பும் தவறுமான இந்தியில் சொன்னதைக் கேட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, நீங்க தமிழா?"

நாலைந்து மாதமாகத் தமிழே என் காதில் விழவில்லை. ஆமாம் என்றேன்.

"எங்க பாபா, அப்பா, ரயில்வேல இருந்தாரு. ஹவுரா குவார்ட்டர்ஸ்லதான் பொறந்தேன். என் தமிழ் கேவலமா இருக்கும், சிரிக்காதீங்க."

"நல்லாத்தானே பேசறீங்க."

"பொய்" என்று சிரித்தாள்.

அவர்களுக்கு விடியற்கால ரோந்து. கிடங்குகள் இருக்கும் சந்துகளில் நடக்க வேண்டும். அவர்களுக்குக் கொடுத்திருந்த டார்ச் அரை மணி நேரம்கூடச் சார்ஜ் நிற்பதில்லையாம். அவுட்போஸ்டில் ஆறு பேர் சேர்ந்து சொந்தமாக வாங்கிக்கொள்வதென்று முடிவு. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவளுக்கு.

காக்கு ஸ்டூலில் உட்கார்ந்து ஜால்முடிப் பொரியைக் கொறித்தபடி இந்தியில் சொன்னார்: "பெரிசா எடுக்காதே மகளே. நாம் வருவது திருடனுக்கு ரெண்டு தெரு முன்னாலேயே தெரிந்துவிடும்."

"தெரியட்டும் காக்கு. ஓடிடுவான். உங்களால துரத்த முடியுமா என்ன?"

"முடியாது" என்றார், நிம்மதியாக.

வலது கையில் தடி இருக்கும் என்பதால் எல்லாவற்றையும் இடது கையில் எடுத்துத் தோளுக்கு மேலே தூக்கிப் பார்த்தாள். கம்பளிக் கையுறையைப் போட்டுக்கொண்டு பொத்தானைத் தடவிப் பார்த்தாள். பனியில் வெள்ளை வெளிச்சம் திருப்பியடிக்கும், கொஞ்சம் மஞ்சளாக இருந்தால் தேவலை என்றாள். போலீஸ்காரர்கள் டார்ச் வாங்கி நான் பார்த்திருக்கிறேன். எது தூரம் அடிக்கும் என்று மட்டும்தான் கேட்பார்கள். இவளைப் போல யாரும் யோசித்து வாங்கியதில்லை.

கடைசியில் அவள் கையில் எடுத்தது சரியான டார்ச். கட்டை விரல் தடிமன், சொரசொரப்பான பிடி, வாலில் ஒற்றைப் பொத்தான். அழுத்தினால் எரியும், அழுத்தினால் அணையும், வேறு வித்தை கிடையாது. வெளிச்சமும் மஞ்சள். அதில் எட்டு உருப்படி மேஜைக்குக் கீழே இருந்தன.

"இது ஒண்ணுதான் இருக்கு" என்று அவள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டேன். பரண் டார்ச்சை எடுத்து எதிர் ஷட்டர் மேல் அடித்தேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"ஆரே பாபா!" என்றார் காக்கு.

அவள் மட்டும் மயங்கவில்லை. "அண்ணா, இது மின்னுமா? மின்னறது எனக்கு வேணாம். மானே... அதாவது, வேற என்ன கொறை இருந்தாலும் பரவால்ல, மின்னக் கூடாது."

ஏன் அப்படிக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். பனிக்காலத்தில் கிடங்குச் சந்துகளில் லாரி ரிவர்ஸில் வரும்போது டிரைவருக்குக் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. கிளீனர் பின்னால் நின்று டார்ச்சை அணைத்து அணைத்துக் காட்டுவான். வெளிச்சம் விட்டு விட்டு வந்தால் 'வரட்டும், வரட்டும்' என்று அர்த்தம். அணையாமல் நின்றால் 'நிறுத்து'. ஆறு வருடம் நானே காட்டியிருக்கிறேன்.

"மெதுவா அழுத்தினா மின்னாது" என்றேன்.

"நெஜமா?"

"நான் உங்ககிட்டப் போய்ப் பொய் சொல்வேனா?"

ஆறு டார்ச் வாங்கினாள். அன்றைக்கு ஒரு பெட்டி காலியானது. ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விழுந்ததும், அந்த வாரக் கடைசியில் பரணில் ஏறிப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பதினெட்டு, இருபது நாள் கழித்து அவள் தனியாக வந்தாள். சீருடை இல்லை. மேஜையில் டார்ச்சை வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் நடந்ததைச் சொன்னாள்.

விடியற்காலை. ஒரு கிடங்கு வாசலில் லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. கிளீனர் டீ வாங்கப் போயிருந்தான். காக்கு வாசல் தூணருகே நின்று, வழியை அடைத்த கைவண்டியைத் தள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார். லாரி தூணை நெருங்குவதைப் பார்த்து இவள் டார்ச்சைத் தூக்கி அழுத்தினாள். கம்பளிக் கையுறை, பதற்றத்தில் இரண்டு அழுத்தாக விழுந்துவிட்டது. டார்ச் மின்னியது. டிரைவர் தன் கிளீனர்தான் 'வரட்டும்' என்கிறான் என்று தைரியமாக வந்தார். இவள் மறுபடி அழுத்தினாள், மங்கியது. மறுபடி அழுத்தினாள், அணைந்தது. காக்குவின் இடது கணுக்கால் லாரிக்கும் தூணுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

"போலீஸே வரச் சொல்லிச்சுன்னு டிரைவர் எழுதிக் குடுத்துட்டாரு. எனக்கு வேலை பர்மனென்ட் ஆக இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. இப்பவே அனுப்பிடுவாங்க. நான் மின்னாததுதான் கேட்டேன், கடைல மின்னாதுன்னு சொன்னாங்கன்னு சார்கிட்ட சொன்னேன். உங்களக் கூப்பிடுவாங்க. அத மட்டும் சொல்லுங்க அண்ணா."

"சொல்றேன்" என்றேன்.

மறுநாளே அவுட்போஸ்டுக்குக் கூப்பிட்டார்கள். முதலாளியும் கூடவே வந்தார். அதிகாரி கோபக்காரர் இல்லை. எங்களுக்கு டீ வரவழைத்தார். அவள் சுவரோரம் நின்றாள். அதிகாரி டார்ச்சை நாலு முறை அழுத்திப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார்: "மின்னாத டார்ச் வேண்டும் என்று இந்தப் பெண் கேட்டாளா?"

முதலாளி டீயை ஊதிக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஆனால் ஆமாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். நீ என்ன சொன்னாய் என்று கேட்பார்.

"ஞாபகம் இல்லை சார்" என்றேன். "கடைக்கு நிறையப் பேர் வருவார்கள்."

அதிகாரி எழுதிக்கொண்டார். வெளியே வரும்போது முதலாளி, "நல்ல வேளை, வாயை அடக்கினாய்" என்றார்.

அதன் பிறகு பரணில் எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் ஊர் ஊராகப் போனவன். சின்னச் சின்ன ஏமாற்று வேலைகள் செய்திருக்கிறேன். செய்த ஊரை விட்டுப் போனால் அதுவும் போய்விடும். இதில் அவள் சுவரோரம் நின்றதும், என் முகத்தைப் பார்த்ததும், பார்ப்பதை நிறுத்தியதும் திரும்பத் திரும்ப வந்தன. நாலாவது நாள் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எல்லாவற்றையும் தமிழில் எழுதினேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆனது. அவுட்போஸ்ட் வாசலில் காத்திருந்து அவளிடம் கொடுத்தேன்.

வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது" என்றாள். "பேச மட்டும்தான் வரும்."

எனக்கு வங்க மொழி எழுதத் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. அவள் தாளை என்னிடமே நீட்டினாள்.

"படிங்க."

"இங்கயா?"

"இங்கதான்."

படித்தேன். பக்கத்தில் டீக்கடைக்காரர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், அவருக்குப் புரியாது. 'ஒண்ணுதான் இருக்கிறது என்று சொன்னேன், எட்டு இருந்தன' என்று படித்தேன். பரணைப் பற்றிய வரிகளையும் படித்தேன். 'மின்னினால் லாரிக்காரர்கள் வரச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும்' என்ற வரி வந்தபோது அவள் கையைத் தூக்கினாள்.

"தெரியுமா? முன்னாடியேவா?"

"லாரில இருந்தவன்."

"தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?"

"ஆமா."

தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நீங்க தெரியாமக் குடுத்துட்டீங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றாள். "இந்தப் பேப்பரால ஒண்ணும் ஆகாது. உள்ள வாங்க. வாயால சொல்லுங்க."

உள்ளே போய் இந்தியில் சொன்னேன். அதிகாரி முதலில் எழுதிய தாளை எடுத்து வைத்துக்கொண்டு, அன்றைக்கு ஏன் ஞாபகம் இல்லை என்று கேட்டார். முதலாளி பக்கத்தில் இருந்தார் என்றேன். அவர் பெருமூச்சு விட்டுப் புதுத் தாள் எடுத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். அவள் வேலை போகாது என்று அவர் அவளிடம் வங்க மொழியில் சொன்னது எனக்கே புரிந்தது. ஊர் மாற்றலாம், பார்க்கலாம் என்றார்.

வாசலில் அவள் சொன்னாள்: "தேங்க்ஸ் சொல்ல மாட்டேன்."

"வேணாம்."

"காக்கு இன்னும் என் கை பதறினதாலதான்னு நெனச்சுட்டு இருக்காரு. 'பரவாயில்ல மகளே, சின்னப் பொண்ணு, எல்லாருக்கும் நடக்கும்'ங்கறாரு. அதுதான் என்னால தாங்க முடியல. நான் சொன்னா, தப்பிக்கச் சொல்றேன்னு நெனப்பாரு. நீங்க அவர் வீட்டுக்குப் போய் இதே மாதிரி சொல்லணும். போவீங்களா?"

"போறேன்."

ஹவுராவில் வீடு, ரயில்வே பட்டறைக்குப் பின்னால். எந்தச் சந்து, எத்தனையாவது மாடி என்று இரண்டு தடவை சொன்னாள். கணுக்கால் இனி மடங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். நாள் முழுக்க ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருக்கிறாராம்.

அன்று மாலையே முதலாளி என்னை அனுப்பிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு படகில் ஆற்றைக் கடந்தேன். காக்குவைப் பார்த்துவிட்டுத்தான் ரயிலேற வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். என்ன சொல்வது என்று படகிலேயே இந்தியில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். 'பரவாயில்லை' என்று அவர் என்னிடமும் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

இறங்கியதும் டோட்டோ ஓட்டுபவர் ஒருவர் தன் பேட்டரி ரிக்‌ஷாவை என் முன்னால் நிறுத்தினார். எங்கே என்று இந்தியில் கேட்டார். சந்தின் பெயர் நாக்கு வரைக்கும் வந்தது.

"ஸ்டேஷன்" என்றேன்.

அவர் என் பையையும் என்னையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஸ்டேஷன் எதிரேதானே இருக்கிறது அண்ணே" என்று கை காட்டினார்.