முதுகு வசனம்

அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் அக்காவுக்குப் பெயர் ‘சரிங்கம்மா’. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. வாசலில் கையெழுத்துப் போடும்போது அது எட்டிப் பார்க்கும், பேனாவை மூடியதும் உள்ளே போய்விடும். மற்றபடி காவலாளியிலிருந்து முதலாளி வரைக்கும், “சரிங்கம்மா வந்தாச்சா?”, “சரிங்கம்மாவுக்கு ஒரு டீ சொல்லு” என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுத் தொடர்களை வாங்கி நம் மொழியில் பேசவைக்கும் கூடம் அது. அக்கா அதில் வேலைக்காரிகளுக்குக் குரல் கொடுப்பவர். அவர் அதிகம் பேசிய வசனமே அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது.

குரலைப் பதிவு செய்யும் சவுண்டுக்காரர் மட்டும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பதிவறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அக்கா. அப்படியே பல வருஷம் போயிருந்தது.

இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் அக்கா பெரிய பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று அவர் ஆரம்பித்தால் ஓடுகிறவன் நிற்பான், நிற்கிறவன் ஓடுவான். அடேயப்பா, என்ன அதிகாரம்! ஒருநாள் அதிகாரிகள் வந்து ஊர்களையும் எண்களையும் தனித்தனியாகச் சொல்லச்சொல்லிப் பதிவு செய்துகொண்டார்கள். வேலை முடிந்ததும், “ரொம்ப நன்றிம்மா, நாளையிலிருந்து மிஷினே பாத்துக்கும்” என்றார்கள். அவ்வளவுதான், கதை முடிந்தது.

“நான் வீட்டுக்கு வந்துட்டேன் தம்பி, என் குரல் இன்னும் அங்க உழைச்சிக்கிட்டு இருக்கு. அதுக்குச் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது” என்று சொல்லிச் சிரிப்பார் அக்கா. வயிற்றெரிச்சலைக்கூட வேடிக்கையாகச் சொல்லத் தெரிந்த மனுஷி.

இந்தக் கூடத்துக்கு வந்த முதல் நாள், ஒரு ராணிக்குப் பேசத்தான் அவரைப் பரீட்சித்தார்கள். கண்ணை மூடிக் கேட்டால் எழுந்து நின்று கும்பிடத் தோன்றும் அளவுக்குப் பேசினாராம். முதலாளி கண்ணைத் திறந்துகொண்டு கேட்டார். நிறம் மங்கிய உடை, ஓரம் தேய்ந்த செருப்பு, துணிப் பை. “குரல்ல ஒரு பணிவு இருக்கு, வேலைக்காரிக்கு வெச்சுக்கலாம்” என்றார். பணிவு செருப்பில் இருந்ததா குரலில் இருந்ததா என்று கேட்க அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, வேலைக்காரி வேஷத்தையும் அக்கா ஏனோதானோவென்று செய்ததில்லை. திரையில் இருப்பவள் வாளி தூக்கினால் இவர் கையிலும் ஒரு காலி வாளி தொங்கும். அவள் குனிந்து தரை துடைத்தால் இவரும் மைக் முன்னால் குனிவார். மூச்சு அடிவயிற்றில் சிக்கினால்தான் குரல் சரியாக வரும் என்பார். ராணிக்குப் பேசும் அம்மாள் நாற்காலியில் சாய்ந்தபடி பேசிவிட்டுப் போவார். அக்கா வேர்த்து விறுவிறுத்து வெளியே வருவார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சவுண்டுக்காரர் பல நாள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அந்தக் கூடத்தில் ‘முதுகு வசனம்’ என்று ஒன்று உண்டு. நடிப்பவர் முதுகைக் காட்டி நிற்கும்போது உதடு தெரியாது. உதடு தெரியாத இடத்தில் என்ன வேண்டுமானாலும் பேசவைக்கலாம் அல்லவா? மூலத்தில் அந்தப் பெண் பேசாமல் நின்றிருந்தாலும், வசனம் எழுதுகிறவர் ஒரு “சரிங்கம்மா”வையோ “மன்னிச்சிடுங்கம்மா”வையோ சொருகிவிடுவார். வேடிக்கை என்னவென்றால், எஜமானி முதுகைக் காட்டி நின்றால் யாரும் எதையும் சொருகமாட்டார்கள். அவள் பேசாமல் நின்றால் அது கம்பீரம். வேலைக்காரி பேசாமல் நின்றால் திமிராம்!

மூன்று வருஷம் ஓடிய ஒரு தொடருக்குக் கடைசி நாள் வந்தது. பெரிய மாளிகை, எஜமானி, அந்த வீட்டிலேயே நரைத்துப்போன ஒரு வேலைக்காரி. எஜமானியின் நகை காணாமல் போகிறது. எடுத்தது அவள் மகன் என்று பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் பழி வேலைக்காரி தலையில் விழுகிறது. குடும்பமே கூடி நிற்க, “தப்பை ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேளு, விட்டுடறேன்” என்கிறாள் எஜமானி. வேலைக்காரியின் முதுகு மட்டும் தெரிகிறது. அவள் வேலைக்காக உடைமேல் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்து மேஜைமேல் வைக்கிறாள். நீளமான கூடத்தைக் கடந்து, கதவைத் திறந்து, போயே போய்விடுகிறாள்.

மூலத்தில் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. நம் வசனத் தாளில் இருந்தது: “மன்னிச்சிடுங்கம்மா, தெரியாம செஞ்சிட்டேன்.”

அக்கா காட்சியைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார்.

“இதை நான் பேச மாட்டேன் தம்பி.”

சவுண்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேச மாட்டேன் என்ற சொல்லை அந்தக் கூடம் அக்கா வாயிலிருந்து கேட்டதே இல்லை. செய்தி போய், முதலாளி விடுவிடுவென்று வந்தார்.

“என்னம்மா புதுசா?”

“அவ எடுக்கல சார். எடுக்காதவ எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? அவளே வாயைத் திறக்கல, நான் ஏன் திறக்கணும்?”

“வேலைக்காரி இப்படி விறைச்சிக்கிட்டுப் போனா யாருக்கும்மா பிடிக்கும்? நம்ம தொடரைப் பாக்குறதெல்லாம் வீட்டு எஜமானிங்க.”

“பாக்குறது யாருன்னு நீங்க போய்ப் பாத்தீங்களா சார்?”

முதலாளி நிதானமாகச் சொன்னார். “பேசலைன்னா அடுத்த தொடர்ல உங்களுக்கு இடமில்ல.”

மகளுக்குக் கல்லூரியில் கடைசி வருஷம். வீட்டில் சம்பாதிப்பது அக்கா ஒருத்தர்தான். இது அங்கே எல்லோருக்கும் தெரியும், முதலாளிக்கும் நன்றாகவே தெரியும். அக்கா, “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

“அந்தம்மா கேட்ட மன்னிப்பு உன்கிட்ட மூட்டை மூட்டையா இருக்குமே. ஒண்ணை எடுத்து ஒட்டி அனுப்பு” என்று சவுண்டுக்காரரிடம் சொல்லிவிட்டு முதலாளி கிளம்பினார்.

இருந்தது. மூன்று வருஷத்து மன்னிப்பும் கணினியில் வரிசையாகக் கிடந்தது. அழுகிற மன்னிப்பு, பதறுகிற மன்னிப்பு, அலுத்துப்போன மன்னிப்பு. சவுண்டுக்காரர் ஒன்றை எடுத்து அந்த முதுகின்மேல் வைத்தார். பாழாய்ப்போனது, அம்சமாகப் பொருந்தியது! பொருந்தாமல் போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நிமிர்ந்து நின்ற பெண் ஒரு நொடியில் திருடியாகிவிட்டாள். அதுவும் அக்கா குரலில்.

தண்ணீர் பாட்டிலை எடுக்க உள்ளே வந்த அக்கா அதைக் கேட்டுவிட்டார். சவுண்டுக்காரருக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

“நல்லாத்தான் பேசியிருக்கேன், இல்ல?” என்றார் அக்கா. கோபமே இல்லை. “இது முன்னாடி ஒரு நாள் அவ பாலைக் கொட்டினதுக்குக் கேட்டது. அன்னிக்குத் தப்பு அவ மேலதான், மனசாரக் கேட்டேன். அதைக் கொண்டாந்து திருட்டுக்கு ஒட்டினா, அன்னிக்கு நான் கேட்டதும் பொய்யாயிடும் தம்பி.”

சவுண்டுக்காரருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சும்மா வந்துபோகும் ஒரு மன்னிப்பைக்கூட இந்த மனுஷி ஒரு உயிருள்ள பெண் சொன்னதாக மதித்திருக்கிறார்! எத்தனை வருஷம் இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து இவர் குரலை வெட்டி ஒட்டியிருக்கிறோம், இவர் எவ்வளவு பெரியவர் என்று தெரியாமலேயே இருந்துவிட்டோமே என்று மலைத்துப்போனார். அந்த மன்னிப்பை நீக்கினார். அவருக்கும் வீடு, வாடகை எல்லாம் உண்டு.

ஆனால் நீக்கிய இடம் வெறும் பாழாகக் கிடந்தது. மூலத்தில் அந்த நடைக்குப் பின்னால் எஜமானி அவள் மொழியில் கத்திக்கொண்டிருந்தாள். நம் தாளில் அந்தக் கத்தல் இல்லை, அதை எடுத்தபோது காலடிச் சத்தமும் சேர்ந்து போயிருந்தது.

“அக்கா, மைக் முன்னாடி நடந்து தர்றீங்களா?”

“குரல் கேட்டாங்க, மாட்டேன்னேன். நடக்கச் சொன்னா நடந்துட்டுப் போறேன்.”

மூலையில் கிடந்த பெட்டியிலிருந்து கனமான ஒரு ஜோடி காலணியை எடுத்து மாட்டிக்கொண்டார். காலடி ஒலிக்கத் தரையில் பலகையைப் போட்டார்கள். மூன்று வருஷமாக அந்த வேலைக்காரிக்கு ஓட்டமும் நடையுமாக மூச்சு வாங்கியவர், இப்போது அவசரமே இல்லாமல் ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்தார். கடைசியில் கூடத்தின் பெரிய கதவையே இழுத்துச் சாத்தினார். திரும்பி வந்து காலணியைப் பெட்டியில் வைத்துவிட்டு, தன் டம்ளரைக் கழுவிப் பைக்குள் போட்டுக்கொண்டு, “வரேன் தம்பி” என்றார்.

முதலாளி கடைசி நேரத்தில் எதையும் கேட்டுப் பார்ப்பவர் இல்லை. அனுப்பியாச்சா என்று மட்டும் கேட்டார். அனுப்பியாச்சு என்றார் சவுண்டுக்காரர்.

அது ஒளிபரப்பான மாலை, சவுண்டுக்காரர் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அடுக்கடுக்காக வீடுகள் உள்ள கட்டடம், எல்லா வீட்டிலும் அதே தொடர். துணிக்கடையில் பில் போடும் அவர் மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, காலை நீட்டிக்கொண்டு பார்த்தாள். “மன்னிப்புக் கேளு” என்றாள் எஜமானி. முதுகு தெரிந்தது. சத்தமே இல்லை.

“என்னங்க, சவுண்டு போயிடுச்சா?” மனைவி ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். பக்கத்து வீட்டிலும் கூட்டினார்கள், மாடியிலும் கூட்டினார்கள். அப்போது வந்தது அந்தக் காலடி. எல்லாச் சுவர் வழியாகவும் வந்தது. கட்டடம் முழுக்க அக்கா நடந்தார். கதவு சாத்திய சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

விளம்பரம் காட்டுக்கத்தலாக ஓடியது. மனைவி அதைக் குறைக்கவில்லை.

“நானும் கேட்டிருக்கக் கூடாதுங்க” என்றாள்.

“என்னத்தை?”

“கடையில, மன்னிப்பு. தப்பாப் போன அந்த பில்லை நான் போடவே இல்ல. எல்லார் முன்னாடியும் நிக்கவெச்சு கேக்கச் சொன்னாங்க. கேட்டுட்டேன். உங்ககிட்ட சொல்லவே இல்ல.”

சவுண்டுக்காரரின் போன் அடித்தது. முதலாளி. அவர் அதை எடுக்காமல் தள்ளி வைத்தார். மனைவி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.