ஆங்கிலம் வராத இர்மெலியின் மேஜை

ஃபின்னிஷ் பேசும் குரிக்கா ஊரின் ஜன்னல் தொழிற்சாலையில் இர்மெலி இருபத்தாறு வருடமாகக் கீல் பொருத்துகிறாள். அந்த வரிசைக்குப் பொறுப்பும் அவள்தான். காலைக் கூட்டம் ஆங்கிலத்துக்கு மாறிய அன்று, எதுவும் விளங்காமல் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவள்தான். ஆனால் பேச வாயெடுத்தால் ஒரு சொல்லும் வராது.

அந்த இலையுதிர்காலத்தில் பிலிப்பைன்ஸிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் பதினெட்டுப் பேர் வேலைக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்காகப் புதன்கிழமைகளில் வேலை முடிந்தபின் ஃபின்னிஷ் வகுப்பு வைத்தார்கள். முதல் வாரம் பதினான்கு பேர் வந்தார்கள். நாலாவது வாரம் இரண்டே பேர். மேலாளர் யுஹானா, இர்மெலியைவிடப் பத்து வயது இளையவன், வகுப்பை நிறுத்தினான். அவர்களுக்கு அக்கறை இல்லை, நாமே ஆங்கிலம் பழகிக்கொள்வோம் என்றான். இர்மெலியின் பெயரை உள்ளூர்க்காரர்களுக்கான ஆங்கில வகுப்பில் எழுதியும் வைத்தான்.

அவளுக்கு அது பொறுக்கவில்லை. எதிர் மேஜையில் வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரி மாரிவிக்கிடம் போனாள். மாரிவிக்குக்கு நாற்பத்தொன்பது வயது, இர்மெலியைவிட மூன்று வயதுதான் குறைவு. சொந்த ஊரில் கணக்கு டீச்சராக இருந்தவள். ஏன் வகுப்புக்குப் போவதில்லை என்று இர்மெலி கேட்டாள்.

மாரிவிக் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள். "வகுப்பு... ரயில் எத்தனை மணி, அது படிச்சோம். நான் ரயில் போறதில்ல. கடையில நான் ஃபின்னிஷ் பேசு. அவங்க இங்கிலீஷ் பேசு. அப்புறம் எதுக்கு?"

இர்மெலி அதையே நினைத்துக்கொண்டு இரண்டு நாள் நடந்தாள். படிக்கச் சொல்லி எல்லோரும் அவர்களைத் துரத்துகிறார்கள். படித்ததைப் பேச மட்டும் யாரும் விடுவதில்லை. இந்தத் தொழிற்சாலையில் ஆங்கிலத்துக்குத் தாவவே முடியாத ஒரே ஆள் தான்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சங்கடமாக நினைத்தது கையிருப்பாக மாறிவிட்டது.

நேரே யுஹானாவின் அறைக்குப் போனாள். "என் பேரை அடிச்சிடு. அதுக்குப் பதிலா தினம் பதினஞ்சு நிமிஷம் வேலை நேரத்துல குடு. மேஜையிலயே பேசிக்கிறோம்."

"வேலை நிக்குமே, இர்மெலி."

"நிக்காது. கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் சும்மாதானே இருக்கு. ஒரு மாசம் பார்."

அவன் பார்த்தான். அவள் மேஜையில் கீலும் திருகாணியும் உடைந்த கண்ணாடியும்தான் பாடம். அடுத்து பல் மருத்துவருக்குப் போன் செய்வது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்குச் சொல்வது. அன்றைக்கு யாருக்கு எது தேவையோ அது. மற்ற வரிசைக்காரர்களும் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

உள்ளூர்க்காரர்களை வழிக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. கண்ணாடி வெட்டும் வொய்த்தோ, காபி நேரத்தில் சொந்த மொழியிலேயே வாய் திறக்காதவன். ஒரு வியாழக்கிழமை மதியம் வழக்கமான பட்டாணி சூப்புக்கு உட்கார்ந்தபோது, இர்மெலி அவனை இரண்டு நேபாளிகளுக்கு நடுவில் உட்காரவைத்தாள்.

"எனக்குப் பேச வராதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றான்.

"அவங்களுக்கும் வராது. மூணு பேரும் ஒரே வகுப்புதான்."

அவன் கடமைக்கு எல்க் மான் வேட்டையைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னான். நேபாளி ஒருவன் திருப்பிக் கேள்வி கேட்டான். சூப் ஆறிப்போகும்வரை வொய்த்தோ நிறுத்தவில்லை.

பிப்ரவரியில் தொழிலாளர்கள் தங்கள் வேலையிடப் பாதுகாப்புப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கக் கூடினார்கள். மாரிவிக் போட்டியிட்டாள். எழுந்து நின்றதும் அவளுக்குச் சொல் சிக்கியது. முன்வரிசையில் ஒருவன் நல்ல மனதோடுதான் சொன்னான்: "இங்கிலீஷ்லயே சொல்லு, பரவாயில்ல."

இர்மெலி பாதி எழுந்துவிட்டாள். பிறகு மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

"வேண்டாம்," என்றாள் மாரிவிக். "மெதுவா வரும். நீ காத்திரு."

காத்திருந்தார்கள்.

"கண்ணாடி தூக்குற மெஷின்ல, உறிஞ்சிப் பிடிக்கிற ரெண்டு ரப்பர் கிண்ணம் சரியாப் பிடிக்கல. நாங்க எல்லாரும் பார்த்தோம். யார்கிட்ட, எப்படிச் சொல்றதுன்னு தெரியாம சும்மா இருந்தோம். இனிமே நான் சொல்வேன். தினம் சொல்வேன். உங்களுக்கே அலுத்துப்போகும்."

வொய்த்தோதான் முதலில் கைதட்டினான். ஏழு வாக்கு வித்தியாசத்தில் மாரிவிக் ஜெயித்தாள். அந்த வாரமே கிண்ணங்களை மாற்றினார்கள்.

வசந்தத்தில் பதினோரு பேர் மொழித் தேர்வு எழுதி, ஒன்பது பேர் தேறினார்கள். பேச்சுத் தேர்வு முடிந்ததும் தேர்வு நடத்தியவர் சிரித்துக்கொண்டே, குரிக்காவில் யார் வீட்டில் வளர்ந்தாய் என்று கேட்டதாக மாரிவிக் வந்து சொன்னாள். புத்தக ஃபின்னிஷ் இல்லை, அத்தனையும் இந்த வட்டாரப் பேச்சாம்.

"அது தப்பா?" என்று கேட்டாள்.

"தப்பா? தலைநகரத்துக்காரங்கதான் தப்பாப் பேசுறாங்க," என்றாள் இர்மெலி.

தோற்ற இருவரையும் அடுத்த நாளிலிருந்து வொய்த்தோ தன் மேஜைக்குக் கூப்பிட்டுக்கொண்டான். யுஹானா பதினைந்து நிமிடத்தை அரைமணி ஆக்கி எல்லா வரிசைக்கும் கொடுத்தான். காலைக் கூட்டமும் ஃபின்னிஷுக்குத் திரும்பியது. புரியாதவர்கள் கையைத் தூக்கலாம் என்றான். முதல் நாள் ஆறு கைகள் உயர்ந்தன. அவர்கள் கேட்ட கேள்விகளும் ஃபின்னிஷில்தான்.