இனிப்பு நீர் என்று சொல்லி வைத்தேன்

என் தம்பிக்கு இருபது வயதிலிருந்து காதில் குரல்கள் கேட்கும். மாதம் ஓர் ஊசி போட்டால் அடங்கிவிடும். அதற்காக எங்கள் ஊர் கோப்பெங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஈப்போவைத் தாண்டிப் பெரிய மனநல ஆஸ்பத்திரிக்குப் போவோம். அந்த ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் பெயரே எங்கள் பக்கம் ஒரு வசவு. "உன்னை அங்கதான் கொண்டு போய் விடணும்" என்று சின்னப் பிள்ளைகள்கூடக் கேலி பேசும். அதனால், எதற்கு மாதாமாதம் போகிறீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம் தம்பிக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, என்று சொல்லி வைத்தேன்.

ரப்பர் தோட்டத்தை மூடிய பிறகு, தோட்டத்துச் சனம் பாதிப் பேர் ஒரே மலிவுவிலை வீட்டு வரிசையில்தான் இருக்கிறோம். என் பொய் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. வெள்ளிக்கிழமை கோவிலில் கேசரி கொடுத்தால், எதிர்வீட்டு அக்கா முந்திக்கொள்வார்.

"இவனுக்குக் குடுக்காதீங்கலா, இனிப்பு நீர்!"

வீட்டுக்கு வந்ததும் தம்பி சிரிப்பான். "இனிமே கால் வலின்னு சொல்லுக்கா. கேசரியாவது கிடைக்கும்லா."

போன வருடம் ஆஸ்பத்திரித் தாதி ஒரு கடிதம் கொடுத்தார். இனி எங்கள் ஊர் அரசாங்கக் கிளினிக்கிலேயே ஊசி போடுவார்களாம். "நடந்தே போலாம், உங்களுக்கு லேசாப் போச்சு" என்றார். கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் செருகினேன்.

முதல் தடவை கிளினிக் வாசல்வரை போனோம். பெஞ்சு முழுக்கத் தோட்டத்து முகங்கள். மனநோய்க்குத் தனி அறை. கதவில் எழுதியே ஒட்டியிருந்தது. அத்தனை பேர் பார்க்க அதற்குள் அவனைக் கூட்டிக்கொண்டு நுழைய எனக்குக் கால் வரவில்லை.

"டாக்டர் இல்லையாம். அடுத்த மாசம் வரச் சொன்னாங்க" என்று அவனைத் திருப்பிக் கூட்டி வந்தேன். அடுத்த மாதமும் ஏதோ சொன்னேன். கிளினிக்கிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. எடுக்கவில்லை. கடிதம் அலமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது.

மூன்றாம் மாதம் குரல்கள் திரும்பின. பெரிய ரோட்டில் லாரிகளுக்கு நடுவே நின்று கத்தினான். போலீஸ் வந்து கையில் விலங்கு போட்டு வண்டியில் ஏற்றினார்கள். வரிசை முழுக்க வெளியே வந்து நின்று பார்த்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், கிளினிக் எவ்வளவு தூரம் என்று மலாயில் கேட்டார். பத்து நிமிட நடை என்றேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

ஏழு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தவனுக்குக் கை நடுங்கியது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். இப்படி விழுந்து எழும்பும்போது பழைய ஆளாகவே திரும்பி வருவான் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

அந்த மாதம் கிளினிக்குக் கூட்டிப் போனேன். எதிர்வீட்டு அக்கா பெஞ்சில் இருந்தார். அவர் கேட்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன்.

"இனிப்பு நீர் இல்லக்கா. மனநோய்க்கு ஊசி."

"தெரியும்லா" என்றார். "தோட்டத்துல இருக்கும்போதே எல்லாருக்கும் தெரியும். நீ அப்படிச் சொன்ன, சரி, நாங்களும் அப்படியே வெச்சுக்கிட்டோம்."

அந்த வெள்ளிக்கிழமை கோவிலில் அவரே இலைத்துண்டில் கேசரி கொண்டுவந்து, "சாப்பிடுப்பா" என்று தம்பியிடம் நீட்டினார். அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"வேணாம்க்கா. எனக்கு இனிப்பு நீர்."

கேலி செய்கிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு எதுவும் இல்லை.